கூரை வேலைக்குப் புதிதாக வந்தவரைத் தகுதிகாண் காலத்தில் எப்படி எடைபோடுவது?

முகட்டுச்சட்டம்

வணக்கம். தகடும் ஓடும் போடுகிற சிறிய கூரை நிறுவனம் நடத்துகிறேன். மேஸ்திரி ஒருவர், அவருக்குக் கீழ் ஒரே ஒரு குழு. மூன்று மாதத் தகுதிகாண் காலம் என்று எழுதிக்கொடுத்து இருவரை ஒன்றாகச் சேர்த்தேன். அந்தக் காலம் விரைவில் முடிகிறது.

முதலாமவருக்குக் கை வேகம். மேலே ஏற்றிக்கொடுத்த தகடு தேங்கி நின்று நான் பார்த்ததில்லை. வேலையின் நேர்த்தியிலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதுகாப்புப் பட்டையின் கொக்கியைக் கயிற்றில் மாட்டுவதில் அக்கறை இல்லை. மேஸ்திரி பார்க்கும்போது மாட்டியிருக்கிறார். முகட்டைத் தாண்டி மறுபக்கம் போனதும் கழற்றிவிடுகிறார். கண்டித்தால் எதிர்த்துப் பேசமாட்டார், "சரி" என்பார். மறுநாள் அதே கதை.

இரண்டாமவர் நிதானம். ஏணியின் அடியையும் தலையையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிறார். ஆனால் வேகம் பிடிக்கவில்லை. அவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று குழுவில் முணுமுணுப்பு.

முதலாமவரை நிரந்தரமாக்கிவிட்டு மற்றவரை அனுப்பிவிடலாம் என்பது மேஸ்திரியின் கருத்து. எனக்கு மனம் ஒப்பவில்லை. போதாக்குறைக்கு, இந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி மழையில் போய்விட்டது; இருவரும் கூரைமேல் நின்ற நாள்களே குறைவு. காலத்தை நீட்டிக்கலாமா? நீங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்?

பழைய மேஸ்திரி

உங்கள் மேஸ்திரி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆள் பார்க்கும்போது மாட்டிக்கொண்டு, பார்க்காதபோது கழற்றுகிறவரிடம் ஒன்று தெளிவாகிவிட்டது: அவருக்கு மாட்டத் தெரியும், மாட்ட மனமில்லை. தெரியாதவருக்குக் கற்றுத்தரலாம். இவருக்கு இனி என்ன கற்றுத்தருவீர்கள்?

வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய சிமெண்ட் தகட்டுக் கூரைகளில் வெளிச்சத்துக்காக நடுவே ஒளி ஊடுருவும் தகடு பதித்திருப்பார்கள். நாளாக ஆகத் தூசும் பாசியும் படிந்து, பக்கத்துத் தகட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட கூரைக்கு வந்ததும் நிதானக்காரர் நின்று, "மிதித்து நடக்கப் பலகை எங்கே?" என்று கேட்பார். வேகக்காரர் போய்க்கொண்டே இருப்பார். தகடு முறிந்த பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. குழுவில் ஒருவர் கொக்கியைக் கழற்றிவிட்டு வேலை செய்து, வேகக்காரர் என்று பெயரும் வாங்கினால், ஒரு மாதத்துக்குள் மற்றவர்களும் கழற்றத் தொடங்குவார்கள். பிறகு உங்கள் சொல் அங்கே எடுபடாது.

கணக்குப்பிள்ளை

கட்டுமான நிறுவனங்களின் பணியாளர் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். யாரை வைத்துக்கொள்வது என்பதற்குள் நான் நுழையவில்லை. அதற்கு முன் சேர்க்கை ஆணையை எடுத்து, நீட்டிப்பைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீட்டிக்க இடம் இருக்கிறது என்றால், காலம் முடிவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்: எத்தனை நாள், எதற்காக, அதற்குள் எது மாற வேண்டும் என்று. காலம் முடிந்தும் எந்தக் கடிதமும் கொடுக்காமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தின் வாசகத்தையும் சட்டத்தையும் பொறுத்து அவர் நிரந்தரமாகிவிட்டார் என்று வாதாட இடம் ஏற்படும். சிறிய நிறுவனங்களில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இதுதான். வேலை மும்முரத்தில் தேதி கடந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை.

நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜெர்மனியில் தகுதிகாண் காலம் அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார அறிவிப்பில் விலகிக்கொள்ளலாம். நியூசிலாந்தில் 90 நாள் சோதனைக்காலம் செல்ல வேண்டுமானால், அந்த விதி எழுத்து ஒப்பந்தத்தில் இருந்து, வேலை தொடங்குவதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். முதல் நாள் கூரைமேல் ஏற்றிவிட்டு மாலையில் கையெழுத்து வாங்கினால் அந்த விதி செல்லாது. பணி நீக்கம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982), தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களைச் சில பாதுகாப்புகளிலிருந்து விலக்கிவைக்க நாடுகளுக்கு இடம் தருகிறது. ஆனால் அந்தக் காலம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு, நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் பகுதிச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஆணையைக் காட்டிவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

விபத்துக் காப்பீடு முதல் நாளிலிருந்தே இருக்கிறதா? "நிரந்தரமானதும் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. ஆபத்து மிகுந்த காலமே அதுதான். டொராண்டோவில் உள்ள பணி மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளில், ஓராண்டுக்கு மேல் பணியாற்றியவரைவிட முதல் மாதத்தில் இருப்பவருக்குக் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்று தெரியவந்தது.

சாரங்கட்டி

பழைய மேஸ்திரி ஐயாவின் அக்கறை புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள். அவர் ஏன் கழற்றுகிறார்? யாராவது அவரிடம் கேட்டீர்களா?

முகட்டைத் தாண்டியதும் கழற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கயிறு மாட்டும் பிடிமானம் முகட்டின் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மறுபக்கம் போகக் கயிறு எட்டாது, அல்லது முகட்டு விளிம்பில் உரசி இழுக்கும். அப்போது யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள். ஒழுங்கானவர் திரும்ப மாட்டுவார் என்பதுதான் வேறுபாடு. மறுபக்கமும் பிடிமானம் வைத்து, இரட்டைக் கயிறு கொடுத்தால், ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்றலாம். ஒரு விநாடிகூடப் பிடியில்லாமல் நிற்க வேண்டியதில்லை.

கயிற்றின் நீளத்தையும் பாருங்கள். 1.8 மீட்டர் கயிறும், விழும் வேகத்தைத் தாங்கி விரியும் பையும் சேர்ந்த பட்டை ஒருவரைப் பிடித்து நிறுத்த, பிடிமானத்துக்குக் கீழே ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். தாழ்வான கூரையில் அந்தக் கயிறு இறுகுவதற்குள் ஆள் தரைக்கு வந்துவிடுவார். அங்கே விளிம்பு வரை எட்டாத அளவுக்குக் கயிற்றைக் குறுக்கிக் கட்டுவதுதான் சரி. இதை விளக்கிச் சொல்லாமல் "மாட்டு, மாட்டு" என்று மட்டும் சொன்னால், சடங்குக்காக மாட்டுகிறோம் என்றுதான் புதியவர் நினைப்பார்.

கருவிகள் எல்லாம் சரியாக இருந்தும் கழற்றினால், நானும் பழைய மேஸ்திரி பக்கம்தான்.

முகட்டுச்சட்டம்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆணையில் நீட்டிப்பு விதி இருக்கிறது, ஒருமுறை மட்டும். காப்பீடு முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

சாரங்கட்டி கேட்டதை அவரிடமே கேட்டேன். இருபக்கச் சரிவுள்ள கூரைகளில் மறுபக்கம் கயிறு எட்டுவதில்லை என்றார். மேஸ்திரியும் அதை ஒப்புக்கொண்டார். இருவருக்கும் இரட்டைக் கயிறு வாங்கிவிட்டேன். ஆனால் ஒருபக்கச் சரிவுக் கூரை ஒன்றில், கயிறு மூலைமுடுக்கெல்லாம் எட்டுகிற இடத்திலும் அவர் கழற்றியதை நானே கீழிருந்து பார்த்தேன். அதையும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "வேகமாக முடித்தால் நிரந்தரமாகும் என்று நினைத்தேன்" என்றார்.

புதிய கையாள்

நானும் ஒரு கூரை நிறுவனத்தில் தகுதிகாண் காலத்தில்தான் இருக்கிறேன். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருப்பேன்.

என்னிடம் எதைப் பார்க்கிறார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. காலையில் வண்டியில் ஏறும்போது மேஸ்திரி சொல்வதெல்லாம், "இன்றைக்கு இந்தப் பக்கம் முடிந்தாக வேண்டும்" என்பதுதான். ஏணியைச் சரியாக வைத்தேன் என்று யாரும் பாராட்டியதில்லை. ஒரு வரிசை கூடுதலாகப் போட்ட அன்று மட்டும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அப்படியிருக்க, எங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுகோல் எது?

ஈரம் காயாத தகட்டில் ஏறச் சொன்னபோது வாய்வரை வந்த மறுப்பை விழுங்கிக்கொண்டு ஏறினேன். "இன்னும் நிரந்தரமாகவில்லை, அதற்குள் மறுப்பா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். பழையவர்கள் மறுத்தால் அது அனுபவம். நாங்கள் மறுத்தால் சோம்பல். முதலாளிகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

தம்பி, நீங்கள் எழுதியதை ஒவ்வொரு முதலாளியும் படிக்க வேண்டும். உடனடியான, கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று, கட்டுமானப் பாதுகாப்பு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 167-ஆம் உடன்படிக்கை (1988) சொல்கிறது. விலகியதை உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். பணியில் நிரந்தரமானவருக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. மதிப்பீட்டுத் தாளில் "ஏற மறுத்தார்" என்று எழுதினால், ஏன் மறுத்தார் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். காரணம் நியாயமானது என்றால், அது அவருக்குச் சாதகமான குறிப்பு.

தாழ்வாரம்

என் கணவரும் நானும் சேர்ந்து கூரை நிறுவனம் நடத்துகிறோம். ஆட்களைச் சேர்ப்பதும் மதிப்பிடுவதும் என் பொறுப்பு. மழையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆணையில் மாதக் கணக்கோடு கூரைமேல் வேலை செய்த நாள்களின் கணக்கும் உண்டு. காலம் முடியும்போது அந்த எண்ணிக்கை எட்டவில்லை என்றால் எத்தனை நாள் நீட்டிக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை எழுதியிருக்கிறோம். காலண்டரை மட்டும் பார்த்தால், மழைக்காலத்தில் சேர்ந்தவரைக் கிடங்கில் தகடு அடுக்கியதை வைத்துத்தான் எடைபோட வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் தொழிலுக்கே உரியது. கோடையில் போட்ட கூரை ஒழுகுகிறதா இல்லையா என்பது மழை வந்தால்தான் தெரியும். அதற்குள் தகுதிகாண் காலம் முடிந்திருக்கும். அதனால் புதியவர் போட்ட பகுதியைக் குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதிக்கிறோம். தாழ்வாரப் பக்கம் தொடங்கி மெல்ல மெல்ல முகடு நோக்கிப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்தவுடன் மேலிருந்து ஊற்றினால், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது.

தண்ணீர் விடாமலே கண்ணுக்குத் தெரிபவையும் உண்டு. நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரை. சரியாக முடுக்கினால் உலோக வில்லையின் ஓரத்தில் ரப்பர் இலேசாகத் தெரியும். பிதுங்கி விரிந்திருந்தால் அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார். வெயிலில் வெடித்து ஓராண்டு இரண்டாண்டில் ஒழுகத் தொடங்கும். தளர்வாகச் சுழன்றால் இன்றைக்கே ஒழுகும். சாய்ந்து இறங்கிய ஸ்க்ரூவில் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் தூக்கியும் இருக்கும். அடுத்து, தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரம். காற்று வழக்கமாக வரும் பக்கத்துக்கு எதிர் முனையிலிருந்து தகடு போட்டு வந்தால்தான், மேலேறிய ஓரத்துக்குள் காற்றும் மழையும் புகாது. புதியவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த வேலையில் எந்த முனையிலிருந்து தொடங்கலாம் என்று அவரையே கேட்பேன். கடைசியாக, மாலையில் இறங்குவதற்கு முன் வெட்டுத் தூளையும் துளைத் தூளையும் பெருக்கித் தள்ளினாரா என்று பார்ப்பேன். அந்த இரும்புத் தூள் ஓரிரவு ஈரத்தில் கிடந்தால் போதும், புதுத் தகட்டில் துருக்கறை பிடித்துவிடும். யாரும் சொல்லாமலே பெருக்குகிறவரை நான் விடமாட்டேன்.

மெதுவானவரைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அவர் எந்த இடத்தில் மெதுவாகிறார்? வேலை முழுவதிலுமா, ஏதோ ஒரு கட்டத்தில் மட்டுமா? ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பழைய மேஸ்திரி

தாழ்வாரம் அம்மா சொன்ன வாஷர் கணக்கு முற்றிலும் சரி. கூரைமேல் நின்ற நாள்களை எண்ணுவதிலும் மறுப்பு இல்லை. ஆனால் மழை நாள் வீண் நாள் என்று எண்ண வேண்டாம். கிடங்கில் பட்டையைக் கையில் கொடுத்து, தையல் பிரிந்திருக்கிறதா, கொக்கியின் பூட்டு தானாக மூடுகிறதா என்று புதியவரையே சோதிக்கச் சொல்லுங்கள். ஏணியைச் சுவரில் சாத்தச் சொல்லுங்கள். அதன் அடி, நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும்; அதன் தலை, நாம் ஏறும் இடத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் செய்கிறாரா என்று பாருங்கள். கூரையில் தெரியாத குணமெல்லாம் கிடங்கில் தெரியும்.

கணக்குப்பிள்ளை

நீட்டிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழையைக் காரணம் காட்டித் திரும்பத் திரும்ப நீட்டிக்கும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்த சம்பளத்தில் முழு வேலை வாங்கும் தந்திரம் அது. ஒருமுறைக்கு மேல் நீட்டிப்பு வேண்டாம். பயிற்சிக்கும் பட்டைக்கும் ஆன செலவைச் சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது. பாதுகாப்புக் கருவி முதலாளியின் செலவு.

முகட்டுச்சட்டம்

தாழ்வாரம் சொன்னபடி மெதுவானவரின் பக்கத்தில் காலையிலிருந்து நின்றேன். அளவெடுக்கும் இடத்தில்தான் நேரம் போகிறது. ஒவ்வொரு தகட்டையும் வைத்து, இரு முனையிலும் அளந்து, எடுத்து, திரும்ப வைத்து அளக்கிறார். தகட்டைத் தாங்கும் சட்டங்களான பர்லின்களின் குறுக்கே நூல் பிடித்து ஸ்க்ரூ வரிசையை முதலிலேயே குறித்துக்கொள்ளும் முறையை யாரும் அவருக்குக் காட்டவில்லை. தாழ்வார ஓரத்தில் ஒரு நூல், ஸ்க்ரூ வரிசைக்கு ஒன்று என்று மேஸ்திரி பிடித்துக் காட்டினார். மதியத்துக்குப் பிறகு அவருடைய வரிசைக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவருடைய ஸ்க்ரூக்களில் பிதுங்கிய வாஷர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அவரை நிரந்தரமாக்குகிறேன். மேஸ்திரி மறுக்கவில்லை, நூல் பிடித்ததைப் பார்த்த பிறகு அவருக்கே அந்தப் பையன்மேல் ஒரு பிடிப்பு வந்திருக்கிறது.

முதலாமவருக்கு ஒரு மாதம் நீட்டிப்புத் தரலாம் என்று நினைக்கிறேன். அவரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது வேகம்தான் என்று அவர் எண்ணியதற்கு எங்கள் பேச்சும் காரணம். இப்போது நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். குழு முழுவதையும் உட்காரவைத்தும் சொன்னேன். ஒரே ஒரு சந்தேகம்: நீட்டிப்பின் நடுவில் திரும்பவும் கழற்றினால், மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

பழைய மேஸ்திரி

நானாக இருந்தால் நீட்டிக்கமாட்டேன். சொல்லியும் கேட்காதவர் கடிதத்துக்கா கேட்கப்போகிறார் என்பது என் எண்ணம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியவர் நீங்கள். முடிவு உங்களுடையது. நீட்டித்தால் அந்த மாதம் முழுவதும் பழைய கூரை பழுதுபார்க்கும் வேலைக்கு அவரை அனுப்பாதீர்கள். முறியக்கூடிய தகட்டின்மேல் யாரையும் சோதிக்கக் கூடாது.

சாரங்கட்டி

நீட்டிப்பது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. மேஸ்திரி இனி என்ன சொல்லிப் பாராட்டுகிறார் என்பதையும் கவனியுங்கள். "இன்று எத்தனை வரிசை?" என்ற கேள்வியே மாலையில் முதலில் வந்தால், ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே போய்விடுவார்.

கணக்குப்பிள்ளை

காத்திருக்க வேண்டியதில்லை, கடிதத்தில் எழுதியிருந்தால். இப்படி எழுதலாம்:

"தங்கள் தகுதிகாண் காலம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நீட்டிக்கப்படுகிறது. தங்கள் வேலைத் தரமும் வேகமும் நிறைவளிக்கின்றன. கூரைமேல் நிற்கும் நேரம் முழுவதும் பாதுகாப்புக் கயிற்றில் இணைந்திருப்பது மட்டும் நிறைவளிக்கவில்லை. இதற்காக இரட்டைக் கயிறு வழங்கப்பட்டு, பயன்படுத்தும் முறையும் காட்டப்பட்டது. இக்காலத்தில் இணைப்பின்றி வேலை செய்வது தெரியவந்தால், அன்றே கூரை வேலையிலிருந்து இறக்கப்படுவீர்கள். தங்கள் விளக்கத்தைக் கேட்டபின், காலம் முடியும் முன்பே, உரிய அறிவிப்புடன் பணி முடிக்கப்படலாம்."

இரண்டு படி எடுத்து, ஒன்றில் அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். அவருக்கு வேறு மொழி வசதி என்றால் அந்த மொழியில் ஒரு படியும் கொடுங்கள். விளக்கம் கேட்பதைத் தவிர்க்கவே கூடாது. கயிறு அறுந்ததாலோ பிடிமானம் கழன்றதாலோ அவர் இணைப்பில்லாமல் நின்றிருக்கலாம். அனுப்ப நேர்ந்தால், வேலை செய்த நாள்களுக்கான சம்பளத்தையும் அறிவிப்புக் காலத்துக்கு உரியதையும் உங்கள் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

முகட்டுச்சட்டம்

வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு வரி மட்டும் கூட்டியிருக்கிறேன்: "ஈரம், காற்று, முறியக்கூடிய தகடு ஆகிய காரணங்களால் ஏற மறுப்பது தங்களுக்கு எதிராகக் கொள்ளப்படாது." இது இருவருக்கும் சேர்த்துத்தான், நிரந்தர ஆணையிலும் போடுகிறேன். நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும் முன் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கொடுக்கிறேன்.

புதிய கையாள்

அந்த ஒரு வரியை எங்கள் முதலாளியிடமும் காட்டப்போகிறேன் ஐயா.